தங்க எழுத்தும் மலை மூட்டமும்: கிம்ப் மென்பொருளில் பட அலங்காரம் எப்படி நடக்கிறது

மே மாதம் ஊட்டிக்குப் போகிறவர்கள் மலர்க் கண்காட்சிக்கு முன்பே அதன் விளம்பரங்களைப் பார்த்துவிடுவார்கள். பர்லியாறு தாண்டி மலை ஏற ஏற வளைவுக்கு வளைவு பலகைகள்: ஹோம்மேட் சாக்லேட், வர்க்கி, நீலகிரித் தைலம், தேயிலை, தங்கும் விடுதி. அவற்றில் எழுத்து சும்மா எழுத்தாக இருக்காது. தங்கமாக மின்னும், மரத்தில் செதுக்கினாற்போல் புடைத்து நிற்கும், பனிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். பார்ப்பவருக்கு ஒவ்வொன்றும் தனி வித்தை போலத்தான் தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருவது நான்கைந்து செயல்கள்தான். ஓர் உருவத்தைப் பிரித்து எடுப்பது, அதை மங்கலாக்குவது, சற்று நகர்த்துவது, ஒரு பக்கமிருந்து ஒளி அடிப்பது, கீழே உள்ள படத்தோடு கலப்பது. இந்த வரிசையை மாற்றி மாற்றி அடுக்குவதில்தான் மற்ற எல்லாமே இருக்கிறது.

பொத்தான் ஒன்றை அழுத்தினால் இவை அனைத்தையும் செய்து தரும் கைபேசிச் செயலிகள் இன்று ஏராளம். அவற்றில் வரும் படமும் கண்ணுக்கு நன்றாகவே இருக்கும். சிக்கல் என்னவென்றால், எழுத்து கொஞ்சம் தடிமனாக இருந்தால் போதும், அழகு கெட்டுவிடும். எங்கே கெட்டது என்று தெரியாது. படிகளைத் திறந்து காட்டும் மென்பொருள் ஒன்றில் ஒரு முறையாவது கையால் செய்து பார்த்தவருக்கு அந்தத் தொல்லை இல்லை. அதற்குக் கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருள் நல்ல இடம். காசும் இல்லை.

கிம்ப் பிறந்தது 1995-இல். ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எழுதத் தொடங்கினார்கள். முதல் பொதுப் பதிப்பு 1996-இல் வந்தது. பிறகு அது க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் பகுதியானது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், மூல நிரலைப் படிக்கலாம், மாற்றலாம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். சீசன் இரண்டு மாதம் கல்லா நிறைந்து, மழைக்காலத்தில் ஈ ஓட்டும் மலைக் கடைக்காரர்களுக்கு மாதாமாதம் சந்தா கட்டும் மென்பொருளைவிட இதுதான் தோது. குன்னூரிலோ கோத்தகிரியிலோ லேபிள் வடிவமைக்கும் சிறு கடைக்கும் அப்படியே.

சரி, அந்த நான்கைந்து செயல்களுக்கு வருவோம்.

வெட்டி எடுக்கும் தகடு

தேயிலைப் பெட்டிகளில் தகரத்தில் வெட்டிய எழுத்தை வைத்து மை பூசுவார்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் மை இறங்கும், தகரம் இருக்கும் இடத்தில் இறங்காது. கணினிப் படத்தில் அந்தத் தகட்டின் வேலையைச் செய்வதற்கு ஆல்ஃபா என்று பெயர். படம் பிக்சல் எனும் குட்டிக் குட்டிப் புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. ஆல்ஃபா நான்காவது எண். 0 என்றால் அந்தப் பிக்சல் கண்ணுக்கே தெரியாது, 255 என்றால் முழுசாகத் தெரியும். தகட்டுக்கு இல்லாத வசதி, இதில் பாதி ஓட்டையும் கால் ஓட்டையும் சாத்தியம். 1970-களின் பிற்பகுதியில் ஆல்வி ரே ஸ்மித்தும் எட் காட்முல்லும் நியூயார்க்கில் வேலை செய்தபோது உண்டாக்கியது இது. 1984-இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் ஒரு படத்தை இன்னொன்றின் மேல் எப்படிக் கலப்பது என்ற கணக்கை ஒழுங்காக எழுதி வைத்தார்கள். இன்று நாம் கண்ணாடித் தாள் போன்ற அடுக்குகளை, அதாவது லேயர்களை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது அந்தக் கணக்கின் மேல்தான்.

அலங்காரத்துக்கு இது ஏன் முக்கியம்? எழுத்தின் ஆல்ஃபா கையில் இருந்தால் நிறத்தை மறந்துவிட்டு வடிவத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். லேயர் மெனுவில் டிரான்ஸ்பரன்ஸியின் கீழ் ஆல்ஃபா டு செலக்ஷன் என்று இருக்கும். அதை அழுத்தியதும் எழுத்தின் விளிம்பைச் சுற்றிக் கோடு ஓடும்; அதற்குள் அடங்கிய பகுதிதான் செலக்ஷன். அந்தச் செலக்ஷனைச் சில பிக்சல் பெரிதாக்கி, கீழே புது லேயர் போட்டு வெள்ளை நிரப்பினால் வெள்ளைக் கரை. அதே செலக்ஷனில் கறுப்பு நிரப்பி, மங்கலாக்கி, வலப்பக்கமும் கீழேயும் சற்று நகர்த்தினால் நிழல். மங்கலாக்கி நகர்த்தாமல் விட்டு, கறுப்புக்குப் பதில் மஞ்சள் போட்டால் எழுத்தைச் சுற்றி ஒளி வட்டம். மூன்று அலங்காரம், ஒரே அச்சு.

மங்கலாக்க எல்லோரும் எடுப்பது காஸியன் ப்ளர். ஒவ்வொரு பிக்சலின் இடத்திலும் அதன் அக்கம்பக்கத்துப் பிக்சல்களின் சராசரியை வைக்கிறது. கிட்ட இருப்பவற்றுக்கு அதிக எடை, தள்ளி இருப்பவற்றுக்குக் குறைவு. நிழலில் இதன் அளவுதான் உயரத்தைச் சொல்கிறது. குறைவாக மங்கி ஒட்டிக் கிடக்கும் நிழல் என்றால் எழுத்து தாளில் பதிந்திருக்கிறது. அதிகம் மங்கித் தள்ளி விழுந்த நிழல் என்றால் எழுத்து மேலே மிதக்கிறது. தள்ளி விழுந்தும் கூர்மையாக இருந்தால் கண் ஒப்பாது. மலைப்பாதைப் பலகைகளில் பாதிக்கு மேல் மலிவாகத் தெரிவதற்கு இதுதான் காரணம் என்பேன், நிறம் அல்ல.

தங்கம் எங்கிருந்து வருகிறது

தங்க எழுத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். அதில்தான் எல்லாச் செயலும் ஒன்றுசேர்கிறது.

மஞ்சள் நிறம் பூசினால் தங்கம் ஆகாது. மஞ்சள் எழுத்துதான் கிடைக்கும். தங்கத்தைத் தங்கம் என்று கண் அறிவது நிறத்தால் மட்டும் அல்ல, வெளிச்சமும் இருட்டும் சட்டென்று மாறி மாறி வருவதால். உலோகம் தன்னைச் சுற்றியிருப்பதைப் பிரதிபலிக்கிறது: மேலே வானம், கீழே தரை, நடுவே கறுத்த ஒரு பட்டை. ஆகவே கிரேடியன்ட், அதாவது நிறம் நிறமாக மாறும் பூச்சு, போடும்போது வெளிர் மஞ்சளிலிருந்து அடர் மஞ்சளுக்கு மெதுவாக இறக்கினால் மாம்பழம்தான் வரும். வெளிர், அடர் பழுப்பு, மீண்டும் வெளிர், மீண்டும் நடுத்தரம் என்று நெருக்கமாக மாற வேண்டும். பழுப்பு நிஜமாகவே இருண்டு இருக்க வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் இந்த இருட்டைப் போடப் பயப்படுகிறார்கள்.

அடுத்தது புடைப்பு. இதற்கு பம்ப் மேப் என்று ஒரு ஃபில்டர், அதாவது படத்தை மாற்றித் தரும் ஆயத்தக் கணக்கு. இது கேட்பது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதில் வெள்ளையை மேடு என்றும் கறுப்பைப் பள்ளம் என்றும் எடுத்துக்கொள்ளும். வெள்ளை எழுத்தைக் கறுப்புத் தரையில் வைத்துக் காஸியன் ப்ளர் கொடுத்தால் செங்குத்தாக இருந்த விளிம்பு சரிவாகிவிடும். ஒவ்வொரு பிக்சலிலும் பக்கத்துப் பிக்சலுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து, நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்று ஃபில்டர் கண்டுபிடிக்கிறது. ஒளி வரும் திசையைப் பார்த்த சரிவு வெளுக்கிறது, எதிர்ச்சரிவு கறுக்கிறது. காலை வெயிலில் தேயிலைத் தோட்டச் சரிவுகள் இப்படித்தான் பாதி பளிச்சென்றும் பாதி கறுத்தும் தெரியும், கணக்கும் அதேதான்.

இங்கே ஒளியின் திசையைத் தவறாக வைத்தால் வேடிக்கை நடக்கும். ஒளி கீழிருந்து வருவதாக வைத்துப் பாருங்கள், புடைத்த எழுத்து குழி விழுந்த எழுத்தாகத் தெரியும். படத்தில் உயரம் எதுவும் மாறவில்லை, பார்க்கிறவர் மூளைதான் மாற்றிப் படிக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1988-இல் இதை ஆராய்ந்து எழுதினார். ஒளி மேலிருந்துதான் வரும், அதுவும் ஒரே இடத்திலிருந்துதான் வரும் என்று நம் பார்வை முன்கூட்டியே முடிவு கட்டி வைத்திருக்கிறது. சூரியன் தலைக்கு மேலே இருக்கும் உலகில் வளர்ந்த கண் வேறு எப்படி நினைக்கும்? அலங்காரம் செய்கிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எழுத்தின் புடைப்புக்கு ஒளி மேல் இடப்பக்கம் என்றால் நிழல் கீழ் வலப்பக்கம்தான் விழ வேண்டும். பின்னால் ஒட்டியிருக்கும் தொட்டபெட்டா புகைப்படத்திலும் வெயில் இடப்பக்கமிருந்து வந்திருந்தால் நல்லது. புகைப்படத்தில் வெயில் வலமிருந்து, எழுத்தில் இடமிருந்து என்றால் பார்ப்பவரால் என்ன தவறு என்று சொல்ல முடியாது; ஆனால் ஒட்டவில்லை என்று மட்டும் தெரியும்.

தமிழ் எழுத்து கேட்கும் கவனம்

இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் தடித்த ஆங்கிலப் பெரிய எழுத்துகளை வைத்துக் காட்டுபவை. எல்லாம் ஒரே உயரம், நேர்கோடு. அதில் சொன்ன அளவுகளை அப்படியே தமிழுக்குப் போட்டால் ண, ஞ, ழ ஆகியவற்றின் உள்சுழிகள் அடைபட்டுப் போகும். கரை கொஞ்சம் அகலமானாலே ‘ண’வின் சுழிகள் ஒரு கட்டியாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி இன்னும் பாவம். சின்னப் புள்ளிக்கு ப்ளர் கொடுத்தால் அது உயரத்தையே இழந்து கரைந்துவிடும். ‘கல்’ என்று எழுதியது ‘கல’ என்று பலகையேறும். ப்ளரின் அளவு எழுத்துக்கோட்டின் தடிமனில் கால் பங்கைத் தாண்டாமல் இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். கோடு 40 பிக்சல் என்றால் ப்ளர் 10 வரை. இரண்டு வரி இருந்தால் இடைவெளியையும் கூட்ட வேண்டும். மேல் வரியின் ‘ழு’ கீழே இறங்கும், கீழ் வரியின் ‘கீ’ மேலே ஏறும், இரண்டின் ஒளிவட்டமும் மோதிக்கொள்ளும்.

எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். பலூ தம்பி போன்ற கொழுத்த, உருண்டை எழுத்துரு புடைப்புக்கும் தங்கத்துக்கும் ஏற்றது. கவிவனார் போலக் கையெழுத்துச் சாயல் உள்ளதற்குப் புடைப்பு வேண்டாம், மெல்லிய நிழல் போதும். முக்த மலர், கேட்டமரான், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை அடியில் வரும் முகவரிக்கும் விலைக்கும். இவை எல்லாம் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைப்பவை. வியாபார லேபிளில் போடவும் தடையில்லை. இவை ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துருக்கள் என்பதால் ‘கொ’, ‘கௌ’ போன்றவை கிம்பில் கொம்பும் காலும் இடம் மாறாமல் வந்துவிடும். பழைய டி.டி.பி. கடைகளில் பாமினி வகைக் குறியீட்டில் தட்டியதை அப்படியே ஒட்டினால் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் கொட்டும். முதலில் ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பெருக்கலும் மூட்டமும்

லேயர்களைக் கலக்கும் முறைகளின் பட்டியலைத் திறந்தால் நீளமாகப் போகும். உண்மையில் தினமும் கைக்கு வருபவை மல்டிப்ளை, ஸ்க்ரீன், ஓவர்லே மூன்றுதான்.

மல்டிப்ளை என்றால் இரண்டு எண்களையும் பெருக்கி 255-ஆல் வகுப்பது. 128-ஐ 128-ஓடு பெருக்கினால் 64 வரும். அதாவது எப்போதும் இருட்டும். காகிதத்தில் மை அடிப்பது நிஜ உலகில் நடக்கும் மல்டிப்ளை. பழுப்புக் காகிதப் பையில் வெளிர் மஞ்சள் அடித்தால் பழுப்புதான் தெரியும், மையால் காகிதத்தை வெளுக்க முடியாது. ஸ்க்ரீன் இதற்கு நேர் எதிர். ஒரே சுவரில் இரண்டு விளக்கைக் காட்டினால் வெளிச்சம் கூடும் அல்லவா, அது. அதே 128-உம் 128-உம் சேர்ந்து இங்கே 191 அல்லது 192 ஆகிறது. ஓவர்லே இரண்டையும் பார்த்து இடத்துக்கு ஏற்ப ஒன்றை எடுத்துக்கொள்ளும். கீழே இருட்டாக இருந்தால் பெருக்கும், வெளிச்சமாக இருந்தால் ஸ்க்ரீன் ஆகும். சலவைக்கல், மரம், சாக்குத்துணி போன்ற பரப்பை எழுத்தின் மேல் படிய வைக்க இதை எடுப்பார்கள்.

மலைக்காரர்களுக்கு அடிக்கடி தேவைப்படுவது மூட்டம். கொடைக்கானலில் கோக்கர்ஸ் வாக்கில் நின்று பார்த்தால் தெரியும், கிட்டத்து மலை கறுப்பாக, அடுத்தது நீலமாக, அதற்கும் அப்பால் உள்ளது வானத்தோடு கலந்து இருக்கும். இதற்கு ஸ்க்ரீன் தேவையே இல்லை. தொலைவு கூடக் கூட மலையின் சொந்த நிறம் குறைந்து காற்றில் சிதறிய ஒளியின் நிறம் கூடுகிறது, அவ்வளவுதான். வெளிர் நீலச் சாம்பலில் ஒரு லேயர் போட்டு, கிட்டத்து மலைக்குச் சொற்பமாகவும் தூரத்து மலைக்கு நிறையவும் படிய வைத்தால் அச்சு அசலாக வரும். வெள்ளையை மட்டும் தடவினால் புகை மண்டியது போல இருக்கும். மூட்டத்தின் நிறத்தை அதே புகைப்படத்தின் அடிவானத்திலிருந்து எடுப்பதுதான் சரி.

மேகம் போலத் திட்டுத்திட்டாக வேண்டுமானால் பெர்லின் நாய்ஸ். கணினிப் படங்கள் எல்லாம் வழவழவென்று இயந்திரத்தனமாக இருக்கின்றனவே என்ற எரிச்சலில் கென் பெர்லின் 1983-இல் உருவாக்கியது. பெரிய அலை, அதன் மேல் சிறிய அலை, அதன் மேல் இன்னும் சிறியது என்று அடுக்கினால் மேகமும் பளிங்கும் கிடைக்கும். இதற்காக 1997-இல் அவருக்கு ஆஸ்கர் வழங்கும் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. ரெண்டர் மெனுவில் இது இருக்கிறது. ஒரு லேயரில் போட்டு, அகலவாட்டில் இழுத்து நீட்டி, வேண்டாத இடத்தை மறைக்கும் மாஸ்க் மூலம் பள்ளத்தாக்கில் மட்டும் நிற்க வையுங்கள். இழுக்காமல் விட்டால் பஞ்சு மிட்டாய் போல நிற்கும்; மலை மூட்டம் எப்போதும் படுத்துதான் கிடக்கும்.

பழைய பாடங்களைப் பார்த்துச் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2018-இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து கிம்ப் பல கலப்புக் கணக்குகளை ஒளியின் உண்மையான அளவில் போடுகிறது. திரையில் 128 என்ற எண் பாதி ஒளி அல்ல. பாதி ஒளிக்கு உரிய எண் ஏறத்தாழ 188. முன்பெல்லாம் இதைக் கவனிக்காமல் கலந்ததால் சிவப்பும் பச்சையும் மங்கிச் சேரும் இடத்தில் அழுக்குக் கறுப்புக் கோடு விழும். இப்போது விழாது. ஆனால் பழைய பாடத்தில் சொன்ன அளவைப் போட்டால் நிழலும் ஒளியும் வேறு அழுத்தத்தில் வரும். பழைய கணக்குத்தான் வேண்டும் என்றால் கலப்பு முறைப் பட்டியலில் லெகஸி என்ற பழைய முறைகளின் தொகுதிக்கு மாறலாம்.

இருட்டறையின் மிச்சம்

இந்த மென்பொருளில் உள்ள பல பெயர்கள் கணினியிலிருந்து வந்தவையே அல்ல. ஊட்டிக்காரர்களுக்கு இது அந்நியமாக இருக்கக் கூடாது. 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஊட்டி இந்து நகரில்தான் இயங்கியது. 1967-இல் உற்பத்தி தொடங்கி, ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் படச்சுருளும் எக்ஸ்ரே ஃபிலிமும் தயாரித்தார்கள். டிஜிட்டல் வந்த பின் அந்த ஆலை மூடியது. அந்தச் சுருளைக் கழுவிய இருட்டறைகளின் வேலைமுறைதான் கிம்பின் கருவிப்பெட்டியில் உட்கார்ந்திருக்கிறது. டாட்ஜ் என்பது அச்சிடும்போது அட்டைத் துண்டால் ஒளியை மறைத்து ஓர் இடத்தை வெளுக்க வைப்பது. பர்ன் என்பது ஓர் இடத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி கொடுத்துக் கறுக்க வைப்பது. அன்ஷார்ப் மாஸ்க்கும் அப்படித்தான். நெகட்டிவின் மங்கலான நகல் ஒன்றை அதோடு சேர்த்து வைத்து அச்சிட்டால் விளிம்பு கூர்மையாகும். மங்கலை வைத்துக் கூர்மை செய்வது கேட்க விநோதமாக இருந்தாலும், மூலத்திலிருந்து மங்கலைக் கழித்தால் மிஞ்சுவது விளிம்புதானே. கிரெய்ன் மெர்ஜ், விக்னெட் ஆகியவையும் அந்தக் காலத்துப் படச்சுருளின் மணல் போன்ற பொடிப் புள்ளிகளும் லென்ஸ் ஓரத்து இருட்டும்தான். புதுப் படத்துக்குப் பழைய சாயம் பூசும் அலங்காரங்கள் எல்லாம் இவற்றின் கலவை.

கட்டத்தில் ஒரு பூ

கரை அலங்காரத்துக்குக் கிம்பில் சிமெட்ரி பெயின்டிங் என்று ஒன்று உண்டு. ஒரு பக்கம் வரைந்தால் மறுபக்கம் தானாக வரும். மண்டலா முறையில் வைத்தால் ஒரே கோடு வட்டமாகச் சுற்றி மலரும். கோலத்தில் பழகிய கைக்கு ஐந்து நிமிஷ வேலை.

நீலகிரியில் லேபிள் என்றாலே பலர் கேட்பது அந்த மலையின் பழங்குடிகளான தோடரின் பூவேலைக் கரையை. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் தோடர் பெண்கள் தைப்பது. முன்கூட்டி வரைவது கிடையாது, துணியின் இழைகளை எண்ணித்தான் ஊசி போகும். இழை எண்ணும் வேலை என்பதால் அது இயல்பாகவே கட்டங்களாக அமைந்திருக்கிறது, பிக்சலுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். சிறிய படத்தில் கட்டம் வைத்துப் பென்சில் கருவியால் ஒவ்வொரு பிக்சலாகப் போட்டு, பெரிதாக்கும்போது இன்டர்போலேஷனை (இடையில் புது நிறங்களை நிரப்புவதை) நன் (None) என்று வைத்தால் விளிம்பு மங்காமல் நிற்கும். பிரஷ்ஷால் செய்தால் ஓரம் குழைந்து கெட்டுப்போகும். நுட்பம் சுலபம்தான், ஆனால் எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை அது. சாக்லேட் டப்பாவின் கரையில் அதன் நகலைப் போட்டுவிட்டு ‘தோடர் கலை’ என்று பக்கத்தில் எழுதுவது நியாயமாகப் படவில்லை. தேயிலைப் பூவையோ குறிஞ்சியையோ அதே கட்ட முறையில் சொந்தமாக அமைத்துக்கொள்ளலாம்.

அச்சகத்துக்குப் போகும் முன்

திரையில் மின்னிய தங்கம் காகிதத்தில் கடுகு எண்ணெய் நிறத்தில் வருவதைப் பார்த்து மனம் உடைந்தவர்கள் நிறைய. திரை ஒளி உமிழ்கிறது, காகிதம் உமிழ்வதில்லை. நான்கு மை அச்சில் உலோகப் பளபளப்பு என்று ஒன்று இல்லவே இல்லை. நியான் பச்சையும் மின் நீலமும்கூட மங்கித்தான் விழும். தங்கத்தை நம்பித்தான் லேபிள் என்றால் பளபளக்கும் தகட்டை அழுத்திப் பதிக்கும் ஃபாயில் ஸ்டாம்பிங் கேளுங்கள். அதற்குக் கிரேடியன்ட், புடைப்பு எதுவும் வேண்டாம். எழுத்தின் வடிவம் மட்டும் தட்டையான கறுப்பில் போதும். அதையும் இங்க்ஸ்கேப்பில் வெக்டராக, அதாவது பிக்சலாக இல்லாமல் கோடுகளின் கணக்காக, செய்து கொடுப்பது நல்லது. சொடிபொடி என்ற பழைய திட்டத்திலிருந்து 2003-இல் பிரிந்து வந்த இலவச மென்பொருள் இது. எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாது.

பழுப்புக் காகிதப் பையில் அச்சு என்றால் ஒளிவட்டங்களை எல்லாம் எடுத்துவிடுங்கள். வெள்ளை மை இல்லாமல் அவை எதுவும் தெரியாது. சைவக் குறியான பச்சை வட்டம், எடை, விலை, தேதி ஆகியவற்றுக்கு எந்த அலங்காரமும் போட வேண்டாம். அவை படிக்கத்தான், பார்க்க அல்ல.

அளவைப் பொறுத்தவரை, கையில் எடுத்துப் பார்க்கும் லேபிளுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல். தூரத்திலிருந்து பார்க்கும் பத்தடிப் பலகைக்கு 72 போதும். அதுவே அகலத்தில் 8,640 பிக்சல் ஆகிவிடும். லேபிளுக்குச் சரியாக இருந்த 10 பிக்சல் நிழல் அங்கே கண்ணுக்கே படாது, எல்லா அளவையும் படத்தின் அகலத்தோடு சேர்த்துக் கூட்ட வேண்டும்.

2025 மார்ச்சில் வெளியான 3.0 பதிப்பில் இந்தத் தொல்லை ரொம்பவே குறைந்திருக்கிறது. ஃபில்டர் போட்ட பிறகும் அது தனியாக நிற்கிறது. லேயர் பட்டியலில் பக்கத்தில் உள்ள குறியை அழுத்தினால் நிழலின் தூரத்தையும் ப்ளரின் அளவையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். முன்பு எழுத்தை மாற்றினால் நிழலை அழித்து முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இதற்கு வேலையை எக்ஸ்.சி.எஃப். என்ற கிம்பின் சொந்தக் கோப்பாகச் சேமித்து வைத்திருக்க வேண்டும். அச்சகத்துக்குக் கொடுப்பது தனி நகல். அடுத்த சீசனில் சாக்லேட் விலை ஏறும்போது எக்ஸ்.சி.எஃப். உங்களிடம் இருந்தால் ஒரே ஓர் எண்ணை மாற்றினால் முடிந்தது.